பால்டோவுக்குச் சிலை, டோகோவுக்கு?

ரூம்மேட்டு பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும்போது தன்னோட ஹஸ்கி நாயை என் தலையில கட்டிட்டுப் போயிட்டான். பேரு மணி. (மினசோட்டாவில பிறந்த ஹஸ்கிக்கு மணின்னு பேரு வச்ச ஒரே ஆளு இவனாத்தான் இருக்கும்!) காலைல ஆறு மணிக்கு வெளியே மைனஸ் 18 டிகிரி. நமக்கு உசுரு போற குளிர், மணிக்கு அதுதான் மார்கழிக் கச்சேரி. சங்கிலியைக் கையில சுத்திக்கிட்டு 'சும்மா ரெண்டு கிலோமீட்டர் ஓடிட்டு வரலாம்'னு இறங்கினேன். ஓடினது அது, இழுபட்டது நான். திரும்பி வந்து மூக்கு அதே இடத்துலதான் இருக்கான்னு தொட்டுப் பாத்துக்கிட்டு, காபியும் கையுமா உக்காந்தப்போ ஞாபகம் வந்ததுதான் இந்தக் கதை. கொஞ்சம் பழைய கொசுவத்தி. 1925-க்குப் போகணும்.

அலாஸ்காவோட மேற்குக் கோடியில பெரிங் கடலோரம் நோம்னு ஒரு சின்ன ஊர். தங்கவேட்டைக் காலத்துல கூட்டம் அலைமோதி, அப்புறம் ஆயிரத்து நானூறு பேர் அளவுக்குச் சுருங்கிப்போன ஊர். குளிர்காலத்துல கடல் உறைஞ்சிடும், கப்பல் வராது. ரயிலும் கிடையாது. இருந்த ஒரே டாக்டர் கர்ட்டிஸ் வெல்ச்.

1925 ஜனவரியில அங்க குழந்தைகளுக்குத் தொண்டை அடைப்பான் வந்தது. அதாங்க டிப்தீரியா. நாமெல்லாம் சின்ன வயசுல முத்தடுப்பு ஊசி போட்டுட்டதால அது என்னன்னே தெரியாம வளந்துட்டோம். தொண்டையில சாம்பல் நிறத்துல ஒரு சவ்வு படர்ந்து மூச்சை அடைக்கும், அதோட விஷம் இதயத்தையும் தாக்கும். குதிரை ரத்தத்துல இருந்து எடுக்கற எதிர்விஷ மருந்துதான் அன்னிக்கு இருந்த ஒரே வழி. அதுக்காகத்தான் 1901-ல மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசே கொடுத்தாங்க. வெல்ச் கிட்ட இருந்த மருந்தோ காலாவதி ஆனது. ஜனவரி 22-ம் தேதி 'உடனே மருந்து வேணும்'னு தந்தி அடிச்சார். 1918 ஃப்ளூவில அந்தப் பக்கத்துப் பழங்குடி மக்கள் கொத்துக் கொத்தா செத்தது யாருக்கும் மறக்கலை. அதனால பயம் ரொம்பவே நிஜமானது.

ஆங்கரேஜ் ஆஸ்பத்திரியில மூணு லட்சம் யூனிட் மருந்து கிடைச்சது. முழு ஊருக்கும் போதாது, ஆனா அடுத்த லோடு வர்ற வரைக்கும் தாக்குப்பிடிக்கலாம். எப்படிக் கொண்டு போறது? இருந்த சில விமானங்களும் மேல்மூடி இல்லாத ரகம், குளிருக்காகக் கழட்டி வச்சிருந்தாங்க. பகல் வெளிச்சமும் சில மணி நேரம்தான். கவர்னர் ஸ்காட் போன், 'விமானம் வேண்டாம், நாய்கள் போகட்டும்'னு முடிவு பண்ணினார்.

நெனானா வரைக்கும் ரயில். அங்கிருந்து நோம் வரைக்கும் 1,085 கிலோமீட்டர். சென்னையில இருந்து கன்னியாகுமரி போற தூரத்தைப் போல ஒன்றரை மடங்கு, அதுவும் பனியில. தபால் வண்டி சாதாரணமா எடுத்துக்கற நேரம் 25 நாள் மாதிரி. இருபது ஓட்டிகள், ஏறக்குறைய 150 நாய்கள், தொடர் ஓட்டம். ஜனவரி 27 ராத்திரி 'வைல்ட் பில்' ஷானன் கிளம்பினப்போ கிட்டத்தட்ட மைனஸ் 45. முகமெல்லாம் பனி கடிச்சுக் கறுத்துப்போய்த்தான் அடுத்த ஆள்கிட்ட ஒப்படைச்சார். அடுத்து வந்த எட்கர் காலண்டோட கை, சறுக்குவண்டிப் பிடியோட உறைஞ்சு ஒட்டிக்கிச்சு, வெந்நீர் ஊத்தித்தான் எடுத்தாங்கன்னு சொல்லுவாங்க. சார்லி எவான்ஸோட முன்னணி நாய்கள் ரெண்டும் வழியில விழுந்துட, மனுஷன் தானே கயித்தை மாட்டிக்கிட்டு இழுத்தாராம். ஓட்டிகள்ல பலர் அலாஸ்காவின் பழங்குடி மக்கள். எத்தனை பேருக்கு அவங்க பேரு தெரியும்?

இப்ப நம்ம ஹீரோ. லியோன்ஹார்ட் செப்பாலா, நார்வேக்காரர். நோம்லயே குடும்பத்தோட இருந்தவர், எட்டு வயசுப் பொண்ணும் அங்கதான். அவரோட முன்னணி நாய் டோகோ. குட்டியா இருந்தப்ப நோஞ்சான், சேட்டை வேற. ஒருத்தருக்குக் கொடுத்தாச்சு. ஜன்னல் கண்ணாடியை உடைச்சுக்கிட்டு ஓடி வந்துடுச்சு! 1925-ல அதுக்கு பன்னெண்டு வயசு, நாய்க் கணக்குல தாத்தா.

செப்பாலா நோம்ல இருந்து எதிர்த்திசையில கிளம்பிப் போய், ஷக்டூலிக் பக்கத்துல மருந்தை வாங்கினார். வாங்கின கையோட திரும்பி, உறைஞ்ச நார்ட்டன் விரிகுடாவை ராத்திரியில புயல்ல குறுக்கே கடந்தார். கரையோரமா சுத்திப் போனா பாதுகாப்பு, ஆனா நேரம் ஆகும். காத்து மாறினா காலுக்குக் கீழ இருக்கற பனி உடைஞ்சு கடலுக்குள்ள போயிடும். கண்ணு தெரியாத இருட்டுல வழி கண்டுபிடிச்சது டோகோதான். போக வர மொத்தம் 420 கிலோமீட்டர், அதுல மருந்தோட மட்டும் 146. மத்தவங்க சராசரியா 50.

கடைசிக் கட்டத்துல மருந்து குன்னார் காசன் கைக்கு வந்தது. முன்னணியில பால்டோ. அதுவும் செப்பாலாவோட நாய்தான், ஆனா சாமான் இழுக்கத்தான் லாயக்குன்னு அவர் ஒதுக்கி வச்சது. புயல்ல வண்டி கவிழ்ந்து மருந்துப் பொட்டலம் பனியில விழ, காசன் வெறுங்கையால துழாவி எடுத்தார். அடுத்து ஓட வேண்டிய ஆள் தூங்கிக்கிட்டிருக்க, எழுப்பாம தானே தொடர்ந்தார். பிப்ரவரி 2, காலை ஐந்தரை மணி, நோம். மொத்தம் ஐந்தரை நாள். அதிகாரபூர்வ கணக்குப்படி இறந்தவங்க ஐந்துலேர்ந்து ஏழு பேர். கணக்குல வராத பழங்குடிக் குழந்தைகள் இன்னும் இருக்கலாம்னு டாக்டரே நினைச்சார்.

அதே வருஷம் டிசம்பர்ல நியூயார்க் சென்ட்ரல் பார்க்ல சிலை. யாருக்கு? பால்டோவுக்கு. செப்பாலாவுக்கு அது கடைசி வரைக்கும் ஆறாத வருத்தம்.

ஆணி பிடுங்கற நமக்கு இது புரியாதா என்ன? ஆறு மாசம் ராத்திரி பகலா முட்டி மோதினவன் ஒருத்தன், ரிலீஸ் அன்னிக்குக் கடைசியா பட்டனை அமுக்கினவன் பேரு பாராட்டு மெயில்ல. போன வருஷம் எனக்கே நடந்தது. அதனாலயே இந்தக் கதையைப் படிச்சப்போ பால்டோ மேல ஒரு கடுப்பு வந்தது, உண்மையைச் சொல்றேன்.

ஆனா மீதிக் கதையையும் கேளுங்க. புகழ் ஓஞ்சதும் பால்டோவையும் கூட்டாளிகளையும் லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஒரு மலிவு விலைக் காட்சிசாலையில கட்டிப் போட்டுட்டாங்க. 1927-ல கிளீவ்லாண்ட் மக்கள், பள்ளிப் பிள்ளைகள் காசு உட்பட, பத்தே நாள்ல பணம் திரட்டி மீட்டாங்க. 1933-ல இறந்தது. சிலை வந்து ரெண்டு வருஷம்கூட ஆகலை, நாய் சங்கிலியில! டோகோவோ 1929 வரைக்கும் மரியாதையா வாழ்ந்து செத்தது. அதுக்கு நியூயார்க்ல சிலை வைக்க 2001 ஆச்சு, படம் வர 2019.

யோசிச்சா, காசன் ஓட்டினதும் அதே புயல்லதான். பால்டோ தடுமாறியிருந்தா டோகோ ஓடினது வீண். ஷானன் ஆரம்பிக்கலைன்னா ரெண்டு பேருக்கும் வேலையே இல்லை. தப்பு நாய் மேல இல்லை. கடைசி ஃபோட்டோவை மட்டும் பாக்கற நம்ம மேலதான். அந்த மெயில்ல பேரு வந்த பையனும் அன்னிக்கு ராத்திரி முழுக்க தூங்காமத்தான் கிடந்தான். நாளைக்கு அவன்கூட ஒரு டீ குடிக்கணும்.

இதை எழுதி முடிக்கறதுக்குள்ள மணி சங்கிலியை வாயில கவ்விக்கிட்டு வந்து நிக்கிது. மைனஸ் 20 ஆயிடுச்சு. வர்ட்டா?

டிஸ்கி: உங்க வீட்டுக் குழந்தைங்களுக்குத் தடுப்பூசி அட்டையை ஒரு தடவை எடுத்துப் பாத்துடுங்க. நம்ம ஊர்ல தொண்டை அடைப்பான் இன்னும் முழுசா ஒழியலை. கொண்டு வந்து சேக்க டோகோவும் கிடையாது :-)