மேப்பிள் மரத்தரையும் அதன் ஓரச்சட்டங்களும்

மேப்பிள் மரத்தரை என்பது வட அமெரிக்கப் பேரேரிகளைச் சுற்றியும் கனடாவின் தென்கிழக்கிலும் வளரும் சர்க்கரை மேப்பிள் (ஏசர் சக்காரம்) மரப்பலகைகளால் அமைக்கப்படும் தரையாகும். குளிர்காலக் கடைசியில் இதே மரத்தில் துளையிட்டு வடியும் நீரைக் காய்ச்சியே மேப்பிள் பாகு எடுக்கிறார்கள். கனடாக் கொடியில் 1965 முதல் இடம்பெற்றிருப்பதும் மேப்பிள் இலையே.

தரைப்பலகைகளை முன்பு தச்சர்கள் கையால் இழைத்தனர். 1828இல் வில்லியம் உட்வொர்த் என்ற அமெரிக்கர், பலகையை இழைத்து, ஒரு விளிம்பில் நாக்கும் மறு விளிம்பில் காடியும் வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அது பலமுறை நீட்டிக்கப்பட்டு 1856 வரை நீடித்தது. இத்தனை காலம் ஒரே கையில் இருந்தது தச்சுத் தொழிலுக்கு நன்மை செய்ததாகத் தோன்றவில்லை. ஓரச்சட்டங்களின் கதையும் இப்படித்தான். ஒவ்வொரு வளைவுக்கும் தனி இழைப்புளி வைத்திருந்த காலம் போய், நீராவி ஆலைகள் அவற்றை அடிக்கணக்கில் வார்த்துத் தள்ளின.

மேப்பிளை ஏன் தேர்ந்தார்கள்? கடினம் மட்டும் காரணமன்று. எஃகுக் குண்டைப் பாதியளவு மரத்தில் அழுத்தத் தேவைப்படும் விசையே ஜங்கா எண். சர்க்கரை மேப்பிளுக்கு அது 1450 பவுண்டு; சிவப்பு ஓக்குக்கு 1290; ஹிக்கரிக்கோ 1820. ஆனால் மேப்பிளின் துளைகள் நுண்ணியவை, எங்கும் சீராகப் பரவியவை. தேய்ந்தாலும் எளிதில் சிலாம்பு எழாது. அதனால் நூற்பாலைகளின் மேல்தரை, நடனக்கூடம் ஆகியவற்றுக்கு அது ஏற்றதாயிற்று. பழைய பந்துருட்டுத் தடங்களில் பந்து விழும் முன்பகுதியும் கட்டைகள் நிற்கும் பின்பகுதியும் மேப்பிள். பந்து உருண்டு மட்டும் செல்லும் நடுப்பகுதி பைன்.

1891இல் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கினார். மேப்பிள் தரை உற்பத்தியாளர் சங்கம் 1897இல் தோன்றியது. இன்று அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துக் களங்கள் ஏறக்குறைய எல்லாமே மேப்பிள்தான். பாஸ்டன் அணியின் புகழ்பெற்ற கட்டம்போட்ட தரை மட்டும் ஓக். போரை ஒட்டிய மரத் தட்டுப்பாட்டில், 1946இல், துண்டு மரங்களைச் சேர்த்துச் செய்தது அதன் மூலத்தரை.

இனி ஓரச்சட்டம். நம் ஊரில் ஸ்கர்ட்டிங் என்பதும் பீடிங் என்பதும் ஏறத்தாழ இதுவே. இதை அழகுக்கு மட்டும் என்று எண்ணுவோர் பலர். மரம் நீளவாக்கில் அசைவது மிகக் குறைவு; அகலவாக்கில்தான் ஈரத்தை உறிஞ்சி உப்பும், காய்ந்து சுருங்கும். 2¼ அங்குலப் பலகையின் ஈரப்பதம் 4 விழுக்காடு கூடினால் அது ஏறத்தாழ 0.8 மி.மீ. விரியும். சிறு அளவுதான், ஆனால் அறையில் 100 பலகைகள் இருந்தால் கணக்குப்படி 8 செ.மீ.! ஆணிகள் பிடித்திருப்பதால் முழுதும் வெளிப்படாது. எனினும் இடமில்லாவிட்டால் தரை நடுவில் கூடாரம்போல் எழும்பிவிடும். ஆகவே வீடுகளில் சுவரோரம் வழக்கமாக முக்கால் அங்குலமும், விளையாட்டுக் கூடங்களில் 2 அங்குலமும் இடைவெளி விடுவர். அந்த இடைவெளியை மறைப்பதே ஓரச்சட்டத்தின் வேலை.

இதிலிருந்தே பொருத்தும் முறையும் கிடைக்கிறது. அடிச்சட்டத்தைச் சுவரில் அறைய வேண்டும். அதன் காலடியில் வரும் கால்வட்டச் சட்டத்தை அடிச்சட்டத்தோடு அறைய வேண்டும். இரண்டையும் தரையில் அறையக் கூடாது. அறைந்தால் விட்ட இடைவெளி வீண். இரு தரைகள் சந்திக்கும் வாசலில் வைக்கும் டி வடிவச் சட்டத்தை இடையில் உள்ள அடித்தளத்தில் மட்டுமே பிடிக்க வேண்டும். மேப்பிள் கடினமானது என்பதால் முனையருகே முன்துளை இடாவிட்டால் பிளக்கும். வெளிமூலையில் இரு சட்டங்களையும் 45 பாகையில் வெட்டிச் சேர்ப்பர். உள்மூலையில் ஒன்றை நேராக விட்டு, மற்றதை அதன் வளைவுக்கேற்ப அறுத்துப் பொருத்துவதே நல்லது. மரம் சுருங்கினாலும் விரிசல் எளிதில் தெரியாது.

சட்டத்தைத் தேர்வதில் நிறமே சிக்கல். நுண்துளை மரமாதலால் மேப்பிளில் சாயம் திட்டுத்திட்டாக ஏறும். வேறு மரத்துக்குச் சாயம் பூசி மேப்பிளாகக் காட்டுவதைவிட, அதே மரத்தில் சட்டம் வாங்கி, அதே மெருகெண்ணெயைப் பூசுவது மேல். அப்படிச் செய்தாலும் புதுச்சட்டம் வெளிறியே தெரியும். பழைய தரை ஒளிபட்டுத் தேன்நிறம் அடைந்திருக்கும். வெளிச்சம் படப்படச் சட்டமும் அந்த நிறத்தை நெருங்கிவிடும்.