'புறம்போக்கு'ன்னா திட்டு வார்த்தையா? எண்ணூர் ஆற்றுக்காக ஒரு கர்னாடகப் பாட்டு வந்த கதை

"டேய் புறம்போக்கு!" சென்னையில் இந்தத் திட்டை வாங்காதவர்கள் குறைவு. ஆனால் வருவாய்த்துறைப் பதிவேட்டில் இது ரொம்ப மரியாதையான சொல். தனியார் பேரில் பட்டா இல்லாத, வரி விதிக்காத பொது நிலம்தான் புறம்போக்கு. ஆறு, ஏரி, குளம், மேய்க்கால், சுடுகாடு எல்லாம் இதில் அடக்கம்.

இந்தச் சொல்லின் மானத்தை மீட்க 2017 ஜனவரியில் வந்ததுதான் 'சென்னை புறம்போக்கு பாடல்'. பாடியவர் டி.எம்.கிருஷ்ணா. வரிகள் கபேர் வாசுகி, இசை ஆர்.கே.ஸ்ரீராம்குமார், வீடியோ இயக்கம் ரதீந்திரன் ஆர்.பிரசாத். ஆனந்தபைரவி, பேகடா, தேவகாந்தாரி என்று போகும் ராகமாலிகை. மொழி மட்டும் பக்கா சென்னைப் பேச்சு. படமாக்கிய இடம் எண்ணூர்.

ஏன் எண்ணூர்?

சென்னை ஆறு என்றாலே கூவமும் அடையாறும்தான் பேச்சில் வரும். கொசஸ்தலை ஆற்றை யாரும் கண்டுக்கிறதில்லை. சுமார் 136 கி.மீ. ஓடி, பூண்டி நீர்த்தேக்கத்தைத் தாண்டி எண்ணூரில் கடலில் கலக்கிறது. முகத்துவாரத்தில் மீனவர்கள் வலை போடுவார்கள். இருளர் பெண்கள் சேற்றுத் தண்ணீரில் இறங்கி, கையாலேயே தடவி இறால் பிடிப்பார்கள்.

அதே இடத்தில்தான் வடசென்னை அனல்மின் நிலையம். நிலக்கரிச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, குழாய் வழியாக செப்பாக்கம் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய் கசிந்தால் சாம்பல் ஆற்றில் படியும், ஆழம் குறையும். படகு தரை தட்டும், இறால் வரத்தும் போச்சு. இன்னொரு வில்லங்கமும் இருக்கு. மழைக்காலத்தில் வெள்ளம் பரவி நிற்கும் உப்பங்கழியை மேடாக்கிக் கட்டடம் கட்டினால், தண்ணீர் வேறெங்கே போகும்? ஊருக்குள்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லவே தேவையில்லை.

பாட்டால் என்ன மாறியது?

சாம்பல் நின்றுவிடவில்லை. பாட்டுக்குப் பல வருஷம் முன்பே மீனவர்கள் மனு கொடுத்து, போராடி வந்தவர்கள். பாட்டுக்கான சரக்கே அவர்களுடையதுதான். சபாவில் பாடுகிறவர் சொன்னதும் ஊர் திரும்பிப் பார்த்தது என்பது கொஞ்சம் சங்கடமான உண்மை. ஆனாலும் வடசென்னைப் பக்கம் எட்டியே பார்க்காத பலர், அந்த ஆற்றை முதல்முறை பார்த்தது இந்த வீடியோவில்தான் இருக்கும்.

பாட்டு வந்த அதே மாதம் 28-ம் தேதி, எண்ணூர் அருகே கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் முகத்துவாரத்துக்குள்ளேயே வந்தது. காட்டுக்குப்பத்தில் படகும் வலையும் கறுத்தன, கூழைக்கடாக்களின் இறகில் எண்ணெய் ஒட்டியது. மீனவர்கள் படகில் போய் அதைக் கையாலேயே மொண்டு மொண்டு பீப்பாயில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.