ஆள் அகன்றபின் தொடரும் கணினிப் பணி: ஒரு வரலாற்று நோக்கு

கொழும்பிலே தமிழர் புதுக்கடை என வழங்கும் இடத்தை ஒல்லாந்தர் ஹல்ஸ்டோர்ப் என்றனர். 1656ஆம் ஆண்டு கொழும்பு முற்றுகையின்போது மாண்ட ஜெரார்ட் ஹல்ஃப்ட் என்னும் ஒல்லாந்தத் தளபதியின் பெயரால் அமைந்தது அது. நீதிமன்றங்களின் உறைவிடமாகிய அவ்விடத்துக்கு யாழ்ப்பாணத்தினின்று வழக்காட வரும் ஒருவர், சட்டத்தரணி ஒருவரை நியமித்துவிட்டு அன்றிரவே புகைவண்டியேறித் தம்மூர் மீளலாம். அவர் அகன்றமையால் வழக்கு அழிவதில்லை. ஆயின் அந்நியமனம் எழுத்தில் அமைந்து, நீதிமன்றப் பதிவேட்டிற் சேர்க்கப்படல் வேண்டும் என்பது 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் விதி. சேர்ந்தபின், மன்றின் அனுமதியோடு நீக்கப்படும்வரையோ வழக்கு முற்றும்வரையோ அது பொதுவாக வலுவுடையதாகும்.

ஒருவர் அகன்றபின் அவர் பணி யாருடைய இசைவோடு தொடர்தல் தகும்? நீதித்துறை எழுத்தினாலும் பதிவினாலும் விடைகண்ட இவ்வினாவைக் கணினித்துறையும் எதிர்கொண்டது. அத்துறை விடைகாண அரை நூற்றாண்டிற்கு மேற்பட்ட காலம் சென்றது.

முற்காலத்துக் கணினியில் இவ்வினாவிற்கு இடமே இருக்கவில்லை. துளையட்டைகளைக் கையளித்துவிட்டு மாணவர் வீடு செல்வர். பொறி தன் முறைப்படி அவற்றைக் கணித்து முடிக்கும். அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் தொழினுட்பக் கழகத்திலே பெர்னாண்டோ கோர்பட்டோவும் அவர்தம் குழுவினரும் 1961இல் நேரப்பகிர்வு முறையைச் செய்து காட்டியபின்னரே நிலைமை மாறியது. பலர் தத்தம் முனையத்தின் முன் அமர்ந்து ஒரே பொறியோடு உரையாடலாயினர். உட்புகுதல், வெளியேறுதல், அவற்றிற்கு இடைப்பட்ட அமர்வு என்னுங் கருத்துக்கள் அப்பொழுது வலுப்பெற்றன. நெடுநேரங் கொள்ளும் பணியைப் பின்னணிக்கு ஒப்படைத்துவிட்டு வெளியேறும் வசதியும் அம்முறையில் அமைந்திருந்தது. எவர் முனையத்தையுஞ் சாராது ஓயாமல் உழைக்கும் நிரல்களுக்கு 'டீமன்' என்ற பெயரும் அக்கழகத்திலேயே தோன்றியது. பௌதிகவியலறிஞர் மாக்ஸ்வெல் கற்பனை செய்த, மூலக்கூறுகளை ஓயாது பிரித்துவைக்குஞ் சிறு பூதத்தை நினைந்து இட்ட பெயர் அது.

1969இல் பெல் ஆய்வுகூடத்திலே கென் தொம்சன், டெனிஸ் றிச்சி ஆகியோர் யூனிக்ஸ் இயங்குதளத்தை ஆக்கத் தொடங்கினர். கட்டளையின் இறுதியில் ஒரு குறியை இட்டால் அப்பணி பின்னணியில் ஓடும்; பயனர் வேறு பணியிற் கருத்தூன்றலாம். எனினும் ஓர் இடர் இருந்தது. தூரத்து முனையங்கள் பல தொலைபேசிக் கம்பியினாலேயே பொறியோடு இணைந்திருந்தன. பேசுகருவி வைக்கப்பட்டதும், அல்லது இணைப்புத் தானே அறுந்ததும், இயங்குதளம் அம்முனையத்தைச் சார்ந்த நிரல்களுக்கு 'இணைப்பு அற்றது' என்னுஞ் சமிக்ஞையை அனுப்பும். அதனைப் பெற்ற நிரல், வேறு ஏற்பாடு இல்லாதவிடத்து, மடியும். பின்னணியில் இருத்தல் மட்டும் அதற்குக் காப்பாகவில்லை. இரண்டு நாட் கணிப்பும் ஒரு கணத்து அறுந்த கம்பியால் அழிதல் கூடும்.

இதற்குப் பரிகாரமாக 1973இல் வெளிவந்த யூனிக்ஸின் நான்காம் பதிப்பில் 'நோஹப்' என்னுங் கட்டளை இடம்பெற்றது. இணைப்பு அறினும் பொருட்படுத்தாதே என்பது அதன் பொருள். ஆள் அகன்றாற் பணி முடிக என்பது பொதுவிதி. தொடர்க என்பது பயனர் வாய்திறந்து கேட்கும் விலக்கு. முதற் கட்டத்தில் நிலைத்த ஒழுங்கு இதுவே.

இரண்டாங் கட்டத்தில் விலக்கு வழக்கமாயிற்று. 1980இல் பேர்க்லி யூனிக்ஸ், ஜிம் கல்ப் வகுத்த பணிக்கட்டுப்பாட்டு முறையை ஏற்றது. முன்னணிப் பணியை நிறுத்திப் பின்னணிக்கு அனுப்பவும் மீட்டழைக்கவும் அதனால் இயன்றது. 1987இல் பேர்லினிலே ஒலிவர் லௌமன், கார்ஸ்டன் போர்மன் ஆகியோர் 'ஸ்கிரீன்' என்னும் நிரலை ஆக்கினர். அது பயனர்க்கும் பணிக்கும் இடையே ஒரு போலி முனையத்தைத் தாங்கி நிற்கும். உண்மை முனையம் அகன்றாலும் போலி முனையம் அகலாதாகையால் பணி மடிவதில்லை. பயனர் மறுநாள் வேறிடத்திலிருந்து வந்து விட்டவிடத்திலே தொடரலாம். 2007இல் நிக்கலஸ் மேரியற் ஆக்கிய 'ரீமக்ஸ்' அந்நெறியைப் பின்பற்றியது.

ஈழநாட்டிலும் 1990 அளவிலே மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு தொலைபேசிவழி மின்னஞ்சலைத் தொடக்கியது. கடிதத்தை எழுதியவர் எழுந்து சென்றபின், இணைப்புக் கிட்டும் வேளை பார்த்து அதனைச் சேர்ப்பித்தல் பின்னணி நிரலின் கடனாகும். ஆள் அகன்றபின் தொடரும் பணியின் பயன் இதனால் தெற்றென விளங்கும்.

ஆயினும் வழக்கமான விலக்கு ஒரு தீங்கையும் ஈன்றது. பலர் பகிரும் பொறியிலே உரியவர் மறந்துபோன நிரல்கள் நினைவகத்தையும் நேரத்தையும் விழுங்கிக் கிடந்தன. அவை எவருடையவை, வேண்டப்பட்டவையா, வழுவால் எஞ்சியவையா என்பதை நிருவாகி அறிதல் அரிதாயிற்று. 2008இல் லினக்ஸ் கரு ஏற்ற குழுக் கட்டுப்பாட்டு முறையினால், ஓர் அமர்விற் பிறந்த நிரல்கள் அனைத்தையும் ஒருங்கே இனங்காணல் இயன்றது. 2010இல் தோன்றிய 'சிஸ்ரம்டீ' அம்முறையைப் பயன்கொண்டு, 2016 மே மாதம் வெளிவந்த தன் 230ஆம் பதிப்பிலே, பயனர் வெளியேறியதும் அவர் அமர்வின் நிரல்கள் அனைத்தையும் முடிப்பதை இயல்புநிலை ஆக்கியது. நோஹப்பும் ஸ்கிரீனும் அளித்த காப்பு ஒருங்கே தகர்ந்தது. பல்லாண்டுப் பழக்கத்தை அறிவிப்பின்றி முறித்தல் தகாது என்று பயனர் பலர் வாதிட்டனர். எஞ்சிய நிரல்களை அகற்றுதல் ஒழுங்கும் பாதுகாப்புமாகும் என்று ஆக்கியோர் விடையிறுத்தனர். டெபியன் குழுவினர் தம் வெளியீட்டில் பழைய வழக்கையே காத்தனர்.

இருசாராரிடத்தும் நியாயம் உண்டு. ஆயின் அப்பூசலிடையே அதிகம் பேசப்படாத ஓர் ஏற்பாடே ஈண்டு நோக்கற்பாலது. 'லிங்கர்', அதாவது தங்கியிருத்தல், என்னும் அனுமதியை ஒரு பயனர்க்கு வழங்கலாம். வழங்கியதும் அவர் பெயரால் ஒரு வெற்றுக் கோப்பு அதற்குரிய இடத்திற் பதிவாகும். அது இருக்கும்வரை அவர்தம் பின்னணிச் சேவைகள் அவர் வெளியேறிய பின்னும் தொடரும். பொறி மீளத் தொடங்கும்போது தாமும் தொடங்கும். கோப்பு நீங்கின் உரிமையும் நீங்கும்.

புதுக்கடைப் பதிவேட்டிற் சேர்க்கப்படும் நியமனப் பத்திரத்திற்கும் இக்கோப்பிற்கும் உள்ள ஒப்புமை வெளிப்படை. அகன்றவர் பணி தொடரத்தான் வேண்டும். தொடராவிடின் கற்போர் உழைப்பு அறுந்த கம்பியோடு அழியும். அது தொடரும்போது, இன்னாருடையது என்ற பெயரும், இன்ன இசைவால் என்ற பதிவும், வேண்டாதபோது நீக்கும் வழியும் உடையதாதல் வேண்டும். இம்மூன்றும் பொருந்திய பணியே, ஆள் அகன்றபின்னும் பிறர்க்கு இடரின்றி நிலைபெறும்.