குடலும் குடிநீரும்: ஆப்பிரிக்காவில் எச்.ஐ.வி.யும் வயிற்றுப்போக்கும்

1980களில் உகாண்டாவின் ராக்காய் மாவட்டத்தில், விக்டோரியா ஏரியையொட்டிய ஊர்களில் பரவிய புது நோயை மக்கள் ‘ஸ்லிம்’ என்றார்கள். மாதக்கணக்கில் பேதி நிற்காது. உடல் எலும்பும் தோலுமாகும். டேவிட் செர்வாடாவும் உடன் ஆய்ந்தவர்களும் 1985இல் ‘லான்செட்’ இதழில் இந்நோயை எச்.ஐ.வி. தொற்றோடு இணைத்து எழுதினர். அவ்வாண்டே பாங்கி நகரில் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய கூட்டம், பரிசோதனை வசதியற்ற இடங்களில் எய்ட்ஸைக் கண்டறிய வரையறை வகுத்தது. ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கும் வயிற்றுப்போக்கு அதில் முதன்மை அறிகுறிகளுள் ஒன்று.

மருத்துவருக்கு அந்த வரையறை பெருந்துணையாக இருந்தது. ஆனால் ‘அறிகுறி’ என்ற சொல், வயிற்றுப்போக்கு முழுவதும் வைரஸின் விளைவே என்ற எண்ணத்தையும் ஊன்றிவிட்டது. அது பாதி உண்மைதான். பேதியை உண்டாக்கும் கிருமி பெரும்பாலும் தண்ணீரோடும் உணவோடும் வெளியிலிருந்து வருகிறது. வைரஸ் அதற்குக் கதவைத் திறந்துவிடுகிறது. ஆகவே தண்ணீரை விட்டுவிட்டு எச்.ஐ.வி.யை மட்டும் எதிர்க்கும் திட்டம் ஒரு பக்கம் காத்து மறுபக்கம் இழக்கும் என்பது என் வாதம்.

உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களில் பெரும்பகுதி குடல் சுவரில்தான் இருக்கிறது. தொற்று ஏற்பட்ட சில வாரங்களிலேயே அங்குள்ள சிடி4 என்ற எதிர்ப்பு அணுக்கள் பெருமளவில் அழிகின்றன. நலமானவரை ஓரிரு வாரம் வருத்திவிட்டு அகலும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி, இத்தகைய குடலில் குடியேறிவிடுகிறது. லுசாகாவில் குழந்தைகளிடையே நடந்து 2002இல் வெளியான ஆய்வில், இவ்வொட்டுண்ணிக்கு எதிரான நிட்டாசாக்ஸனைடு மருந்து எச்.ஐ.வி. இல்லாத குழந்தைகளுக்குப் பயன்பட்டது; தொற்றுள்ள குழந்தைகளுக்குப் பயன்படவில்லை. ஒட்டுண்ணி ஒன்றே, மருந்தும் ஒன்றே. கை கொடுக்க வேண்டிய எதிர்ப்புச் சக்திதான் அங்கே இல்லை.

உகாண்டாவின் டொரோரோவில் எச்.ஐ.வி. உள்ளவர்களின் வீடுகளுக்குக் குழாய் பொருத்திய மூடிய கலமும் குளோரின் கரைசலும் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களிடையே பேதி 25 விழுக்காடு குறைந்தது. அதோடு அன்றாடம் கோட்ரைமாக்சசோல் மாத்திரையும் சேர்ந்தபோது குறைவு 67 விழுக்காடு. குளோரினுக்குக் கிரிப்டோஸ்போரிடியம் எளிதில் சாவதில்லை என்பதை நினைத்தால் இது சிறு பயன் அல்ல. வைரஸைத் தொடாமலேயே கிடைத்த பயன் இது என்பதே எனக்கு முக்கியம்.

இதன் மறுபக்கத்தைப் போட்ஸ்வானா காட்டியது. அங்கே கர்ப்பிணிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத் தொற்று இருந்த காலம். தாய்ப்பால் வழியே வைரஸ் பரவுவதைத் தடுக்க, அரசு இலவசமாகப் பால்மாவு வழங்கியது. அக்கறையோடு தீட்டி, உண்மையிலேயே நிறைவேற்றிய திட்டம். அதைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. 2005 முடிவில் தொடங்கிய மழை கொட்டித் தீர்த்தது. குடிநீர் மாசடைந்தது. பால்மாவைக் கரைத்தது அந்தத் தண்ணீரில்தான். 2006இன் முதல் மாதங்களில் சில நூறு குழந்தைகள் பேதியால் இறந்தார்கள். ஃபிரான்சிஸ்டவுனில் நடந்த விசாரணையில், எல்லாவற்றிலும் பெரிய ஆபத்துக் காரணி தாய்ப்பால் இல்லாமையே என்று தெரிந்தது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோருக்கு எச்.ஐ.வி. இல்லை, தாய்மாரில் பெரும்பாலோருக்கு இருந்தது. வைரஸ் உடலில் புகாமலே அதன் நிழல் அந்தக் குழந்தைகள் மேல் விழுந்தது.

அதே நாட்டில், தொற்றுள்ள தாய்மாரின் குழந்தைகளிடையே பால்மாவையும் தாய்ப்பாலையும் ஒப்பிட்ட ‘மாஷி’ ஆய்வு, இதை எண்களில் முன்வைத்தது. ஏழாம் மாதத்தில் பால்மாவுக் குழந்தைகளிடையே தொற்று 5.6 விழுக்காடு, தாய்ப்பால் குழந்தைகளிடையே 9.0. இறப்போ முறையே 9.3, 4.9. பதினெட்டாம் மாதத்தில் தொற்றையும் இறப்பையும் கூட்டிப் பார்த்தபோது இரு பிரிவுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடில்லை.

எதை வெற்றி என்று எண்ணுகிறோம் என்பதே இங்கு கேள்வி. தொற்றின் எண்ணிக்கையை மட்டும் அளந்தால், பேதியில் இறந்த குழந்தையும் ‘தொற்று தடுக்கப்பட்ட குழந்தை’தான். தொற்றின்றி உயிரோடு இருப்பதே அளவுகோல் என்றால் கணக்கு மாறும். 2010இல் உலக சுகாதார நிறுவனம், வைரஸ் எதிர்ப்பு மருந்தின் பாதுகாப்போடு 12 மாதம் தாய்ப்பால் தரலாம் என்று வழிகாட்டியது இந்த அளவுகோலின்படிதான். ஆனால் தாய்ப்பால் நின்ற பின் குழந்தைக்குக் கிடைக்கும் கஞ்சியும் அதே குடத்துத் தண்ணீரில்தான் காய்கிறது. தாயின் கையில் மாத்திரையைக் கொடுக்கும் செவிலியர், வீட்டுத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றும் கேட்டு, அதையும் மருத்துவச் சீட்டில் எழுத வேண்டும்.