பிளக்கின் ஈரமும் வெள்ளைப் புகையும்

உத்திரமேரூர்ப் பக்கம் வரப்புப் புல் வெட்டும் பெட்ரோல் பிரஷ் கட்டரும் கிணற்றடி டீசல் ஆயில் இன்ஜினும் பெரும்பாலும் ஒரே கொட்டகையில்தான் கிடக்கின்றன. இலவச மின்சாரம் வந்தபின் ஆயில் இன்ஜின் கரண்ட் போன நாளுக்கு மட்டும் என்றாகிவிட்டது. பிரஷ் கட்டருக்கோ கோடையில் வேலையில்லை. ஓடிக் கெட்டதைவிட இரண்டும் சும்மா கிடந்து கெட்டதே அதிகம்.

ஸ்டார்ட் ஆகாதபோது இரண்டின் நோயும் நேரெதிர். சோக்கை மூடியபடியே கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தால் பெட்ரோல் மிகுந்து, காற்று போதாமல் பிரஷ் கட்டர் திணறும். டீசல் டேங்க் ஒருமுறை வறண்டாலோ குழாயில் காற்று புகுந்துகொள்ளும். பம்ப் அந்தக் காற்றையே அமுக்கிக்கொண்டிருக்க, நாசில் திறக்காது. முன்னதற்குக் காற்று விட வேண்டும், பின்னதிலிருந்து காற்றை எடுக்க வேண்டும். ஃபில்டர் மேலுள்ள திருகைச் சற்றே தளர்த்தினால் முதலில் நுரை வரும். நுரை அடங்கி டீசல் ஒரே சீராக வழிந்ததும் இறுக்கிவிட்டு, அடுத்துப் பம்பிலும் அப்படியே செய்ய வேண்டும்.

வியப்பு என்னவென்றால், நோய் எதிரெதிராக இருந்தும் அறிகுறியைப் படிக்கும் விதம் ஒன்றே. கழற்றிய பிளக் நனைந்திருப்பதும், ஹேண்டில் சுற்றுகையில் புகைபோக்கியில் வெள்ளைப் புகை வருவதும் சொல்வது ஒரே செய்தியை: எரிபொருள் உள்ளே போய்விட்டது, எரியவில்லை. பிளக் காய்ந்திருந்தால், புகையே இல்லாவிட்டால், எரிபொருள் வந்து சேரவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிடுமுன் இதைப் பார்த்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

அதன்பின் வழி பிரிகிறது. நனைந்த பிளக்கைத் துடைத்துக் காயவைத்தும் பயனில்லையென்றால் பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். டீசலில் பொறிக்கே இடமில்லை. அமுக்கிய காற்றின் சூடுதான் நெருப்பு. ஆகவே ரிங்கையும் வால்வையும் சந்தேகிக்க வேண்டும். காற்று உள்ளே போகும் வழியில் நாலு சொட்டு ஆயில் விட்டுச் சுற்றுகிற பழைய வழக்கம் வெறும் நம்பிக்கையல்ல. ரிங் இடைவெளியை ஆயில் அடைத்துக் கம்ப்ரஷனைக் கூட்டுகிறது.

எடுத்துவைப்பதிலும் இந்த எதிர்மை தொடர்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் நாள்பட்டால் ஈரத்தை உறிஞ்சும், கார்புரேட்டரில் பிசினாய் ஒட்டும்; எனவே பிரஷ் கட்டர் டேங்க்கை வடித்து, மிச்சம் தீரும்வரை ஓட்டி வைப்பது நல்லது. டீசல் டேங்க்கையோ நிரப்பியே வைக்க வேண்டும்: வெற்றிடம் இருந்தால் காற்றிலுள்ள ஈரம் உள்ளே வியர்த்து, தண்ணீராக அடியில் தங்கும்.