வெளிநாட்டிலிருந்து வீட்டுக் கமரா தெரியவில்லையா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

பூவரசங்குளத்தில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வளவு தள்ளிப் பெரியம்மா தனியாக இருக்கிறார். ஒரே மகன் சுவிஸில். நான்கு கமரா பூட்டி, அவற்றைப் பதிவு செய்யும் டி.வி.ஆர் கருவியை இணையத்தோடு இணைத்துக் கொடுத்திருக்கிறார். வேலை முடிந்து வந்ததும் கைத்தொலைபேசியில் அம்மாவின் முற்றத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவர் படுப்பார்.

மார்கழி மழையில் ஒருநாள் படம் நின்றுவிட்டது. மறுநாள் விடியவே பெரியம்மா எங்கள் படலைக்கு வந்துவிட்டார்.

"தம்பி, அவன் இரவு முழுக்க நித்திரை கொள்ளேல்லையாம். கமராவிலை ஒண்டும் தெரியேல்லையாம். வந்து ஒருக்காப் பாரன்."

2009 இல் மாதக்கணக்காக யார் எங்கே என்று தெரியாமல் இருந்த குடும்பங்கள் நாங்கள். படம் நின்றால் அந்தப் பழைய பயம் திரும்பி வருகிறது. ஆனால் அநேகமான நேரங்களில் வீட்டில் ஒரு பிழையும் இருக்காது. இடையிலுள்ள ஏதோ ஒரு கண்ணிதான் அறுந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்கும் ஒழுங்கை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கருவி, பிறகு இணையம்

இணையத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு டி.வி.ஆரின் திரையைப் பாருங்கள். அதில் கமராக்கள் தெரிந்தால் கருவி நலம். ஒன்றுமே எரியாவிட்டால் மின் அடப்டரைச் சந்தேகியுங்கள். இடி மின்னலுக்கு முதலில் போவது பெரும்பாலும் அதுதான். அநேகமானவை 12 வோல்ட். எத்தனை அம்பியர் என்று பழையதில் எழுதியிருப்பதைப் பார்த்து, அதற்குக் குறையாததாக வாங்குங்கள்.

அடுத்து, கைத்தொலைபேசியின் மொபைல் டேட்டாவை நிறுத்தி, வீட்டு வைஃபையில் ஏதாவது ஒரு இணையத்தளத்தைத் திறந்து பாருங்கள். திறக்காவிட்டால் பிழை கமராவில் இல்லை. டேட்டா பக்கேஜ் முடிந்திருக்கலாம். அப்போதும் றவுட்டரில் விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருக்கும்; அதை நம்பி ஏமாற வேண்டாம்.

இணையம் இருந்தால், றவுட்டரிலிருந்து டி.வி.ஆருக்குப் போகும் வயரைக் கழற்றித் திரும்பச் செருகுங்கள். செருகும் இடத்தில் சிறு விளக்கு மினுங்க வேண்டும். மினுங்காவிட்டால் வயரை மாற்றிப் பாருங்கள். எலி கடித்த வயர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

முகவரி பொருந்துகிறதா?

பெரியம்மா வீட்டில் பிழை இங்கேதான் இருந்தது. பழைய தொலைபேசி இணைப்பை விட்டு, சில நாட்களுக்கு முன்பு 4ஜி றவுட்டர் ஒன்று வாங்கியிருந்தார்கள். பழைய றவுட்டரின் முகவரி 192.168.1.1. அதற்கு ஏற்ப டி.வி.ஆருக்கு 192.168.1.64 என்று நிரந்தர முகவரி கொடுத்திருந்தது. புதிய றவுட்டரோ 192.168.8.1. ஒரு வீட்டுக்குள்ளேயே இரண்டும் வெவ்வேறு ஊரில் இருப்பது போல, ஒன்றை ஒன்று காணவில்லை.

டி.வி.ஆரின் மெனுவில் நெற்வேர்க் பகுதிக்குப் போய் டி.எச்.சி.பி என்பதைத் தெரிவு செய்தால், றவுட்டர் தானாகவே சரியான முகவரியைக் கொடுக்கும். முகவரியின் முதல் மூன்று எண்களும் றவுட்டரோடு ஒத்திருக்க வேண்டும். கேற்வே என்ற இடத்தில் றவுட்டரின் முகவரி இருக்க வேண்டும். டி.என்.எஸ் வெறுமையாக இருந்தால் 8.8.8.8 என்று கொடுக்கலாம்.

பிறகு பி2பி அல்லது கிளவுட் என்ற பகுதியைப் பாருங்கள். அங்கே 'ஒன்லைன்' என்று வந்தால் கருவி வெளியுலகோடு பேசத் தொடங்கிவிட்டது. அது முடக்கப்பட்டிருந்தால் இயக்கிவிடுங்கள்.

போர்ட் திறந்தும் வேலை செய்யவில்லை என்றால்

சிலர் பழைய முறையில், றவுட்டரில் போர்ட் திறந்து கமரா பார்க்கிறார்கள். ஹிக்விஷன் கருவிகளுக்கு வழக்கமாக 8000, டாகுவாவுக்கு 37777. 4ஜி இணைப்புக்கு மாறியதும் இது நின்றுவிடுவதுண்டு. காரணம், அங்கே பெரும்பாலும் பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்கிறார்கள். வெளியிலிருந்து வரும் அழைப்பு எந்த வீட்டுக்கு என்று தெரியாது.

இதை நீங்களே சோதிக்கலாம். றவுட்டரின் பக்கத்தில் 'வான் ஐ.பி' என்று காட்டும் எண்ணையும், உங்கள் ஐ.பி எது என்று சொல்லும் இணையத்தளம் காட்டும் எண்ணையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால், அல்லது றவுட்டரில் 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையிலோ தொடங்கினால், போர்ட் திறப்பதில் பயனில்லை. பி2பி முறைக்கு மாறுங்கள். அல்லது சேவை வழங்குநரிடம் பொது முகவரி கேளுங்கள்.

படம் வந்து வந்து நின்றால்

வெளிநாட்டில் எவ்வளவு வேகமான இணையம் இருந்தாலும், படம் ஊரிலிருந்து மேலே ஏற வேண்டும். செயலியில் 'சப் ஸ்ட்ரீம்' என்ற குறைந்த தரத்தைத் தெரிவு செய்யுங்கள். வினாடிக்கு 512 கிலோபிற் அளவில் ஒரு கமராவை ஒரு மணி நேரம் பார்த்தால் சுமார் 230 மெகாபைட் செலவாகும். 4 மெகாபிற் தரத்தில் பார்த்தால் அதே ஒரு மணி நேரத்துக்கு 1.8 கிகாபைட். பக்கேஜ் ஏன் மாத நடுவில் முடிகிறது என்பதற்கு விடை இதில் இருக்கிறது.

பழைய பதிவைத் தேடும்போது ஒன்றும் வராவிட்டால் கருவியின் திகதியைப் பாருங்கள். உள்ளே இருக்கும் சிறு பற்றரி செத்தால், மின்வெட்டுக்குப் பிறகு திகதி பல வருடங்கள் பின்னால் போய்விடும். நேர வலயம் +5.30 ஆக இருக்க வேண்டும்.

வேறு யார் பார்க்கிறார்கள்?

கண்காணிப்பு என்ற சொல் எங்கள் மக்களுக்குப் புதிதல்ல. ஆகவே இதை அழுத்திச் சொல்கிறேன். கமரா பூட்ட வந்தவர் தன்னுடைய கணக்கிலேயே கருவியைச் சேர்த்துவிட்டுப் போயிருந்தால், உங்கள் வீட்டு முற்றம் அவருடைய தொலைபேசியிலும் தெரியும். புதிய கணக்கில் சேர்க்கும்போது 'ஏற்கெனவே வேறொருவரால் சேர்க்கப்பட்டது' என்று வந்தால் அதுதான் அர்த்தம். அவரைக் கொண்டே நீக்கச் செய்து, வீட்டுக்காரரின் பெயரில் சேருங்கள். மற்ற உறவினருக்கு நிர்வாகக் கடவுச்சொல்லைக் கொடுக்காமல், செயலியிலுள்ள 'பகிர்' வசதி மூலம் அனுமதி கொடுங்கள். படுக்கையறைப் பக்கம் கமராவைத் திருப்பவே வேண்டாம்.

கருவியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றாமல் விடுவதும் ஆபத்து. 2016 ஒக்டோபர் 21 அன்று டைன் என்ற நிறுவனம் தாக்கப்பட்டு, ருவிற்றர், நெற்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்கு முடங்கின. மிராய் என்ற தீநிரல், கடவுச்சொல் மாற்றப்படாத கமராக்களையும் டி.வி.ஆர்களையும் கைப்பற்றித்தான் அதற்குப் பயன்படுத்தியது.

இன்னும் இரண்டு ஏற்பாடுகள்

2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். றவுட்டருக்கும் டி.வி.ஆருக்கும் ஒரு சிறிய யு.பி.எஸ் வைத்தால் குறுகிய மின்வெட்டுகளையாவது தாங்கும்.

மற்றது, அயலவர் ஒருவரின் தொலைபேசி எண். படம் வராத இரவில் செயலியை நூறு தரம் திறந்து மூடுவதைவிட, ஒரு அழைப்பு எடுத்துக் கேட்பது மேல்.

பெரியம்மாவின் மகனிடம் இப்போது என்னுடைய எண் இருக்கிறது. அன்று படம் வந்ததும் அவரே அழைத்தார். பெரியம்மா அப்போது முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். "அம்மா மழைக்குள்ள நிக்கிறா அண்ணை, உள்ள போகச் சொல்லுங்கோ" என்றார்.