தலைமை அமைச்சரின் சுவர்

லக்சர் நகருக்கு எதிரே, நைலின் மேற்குக் கரையில் உள்ள குன்று ஷேக் அப்த் எல்-குர்னா. அரசர்களின் பள்ளத்தாக்கை நோக்கி விரையும் சுற்றுலாப் பேருந்துகள் பலவும் இதைக் கடந்து போய்விடுகின்றன. அரசர் கல்லறைகளின் சுவரெங்கும் மறுவுலகம்தான்: பாம்புகள், சூரியப் படகு, இரவின் பன்னிரண்டு மணி நேரங்கள். நாடு எப்படி நடந்தது என்று அறிய விரும்புபவர் இந்தக் குன்றில் உள்ள அதிகாரிகளின் கல்லறைகளுக்குத்தான் வரவேண்டும். அவற்றுள் 100 என்று எண்ணிடப்பட்ட ரெக்மிரேயின் கல்லறைக்கு இணையாக மற்றொன்றை என்னால் சொல்ல முடியாது.

ரெக்மிரே கி.மு. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். மூன்றாம் துட்மோஸ் ஆட்சியிலும், அவர் மகன் இரண்டாம் அமென்ஹோதெப் ஆட்சியின் தொடக்கத்திலும் மேல் எகிப்தின் தலைமை அமைச்சராக இருந்தவர். பாட்டனார் அமெத்து, பெரியப்பன் முறையினரான உசெராமுன் ஆகியோரும் அதே பதவியில் இருந்தவர்களே. பதவி குடும்பச் சொத்தாகவே இருந்தது என்றால் மிகையில்லை.

கல்லறை என்கிறோமே தவிர, அவரைப் புதைத்த குழி இங்கே கிடைக்கவில்லை. இது உயிரோடிருப்பவர்கள் வந்து படையலிட்டு, சுவரைப் பார்த்து, பெயரை உச்சரித்துப் போவதற்கான மண்டபம். முதலில் குறுக்கே ஒரு கூடம். அதன் நடுவிலிருந்து மலைக்குள் ஒரு நீண்ட நடை. உள்ளே போகப் போகக் கூரை உயர்ந்துகொண்டே போய், கடைசியில் ஏறக்குறைய 8 மீட்டரைத் தொடுகிறது. அங்கே, கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு மாடம். அதனடியில் இருந்த பொய்வாயிற் கல் இப்போது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

முன் கூடத்தில் நீண்ட எழுத்துப் பத்திகள் உள்ளன. படம் பார்க்க வருபவர்கள் இவற்றைத் தாண்டிப் போய்விடுவார்கள். அறிஞர்களோ இவற்றுக்காகவே வருகிறார்கள். ஒன்று, தலைமை அமைச்சரின் கடமைகளைச் சொல்லும் ஆவணம். நில வழக்கு வந்தால், நிலம் தலைநகரை அடுத்து இருந்தால் 3 நாள், தொலைவில் இருந்தால் 2 மாதம் என்று தவணை விதிக்கிறது அது. (நம் நீதிமன்றங்களில் வாய்தா வாங்கிப் பழகியவர்கள் பெருமூச்சு விடலாம்.) மற்றொன்று, பதவியேற்பின்போது மன்னர் சொல்லும் அறிவுரை. இந்தப் பதவி கசப்பானது என்று எச்சரித்துவிட்டு, கேத்தி என்ற பழைய அமைச்சரின் கதையைச் சொல்கிறார். உறவினருக்குச் சலுகை காட்டினார் என்ற பழிக்கு அஞ்சி, நியாயம் அவர்கள் பக்கம் இருந்தும் எதிராகத் தீர்ப்பளித்தாராம் கேத்தி. அது நீதி அல்ல, நீதியின் மிகை என்கிறார் மன்னர். தலைமுறை தலைமுறையாக ஒரே வீட்டிலிருந்து அமைச்சர்களை எடுத்த அரசின் சுவரில் இந்தக் கதை எழுதப்பட்டிருப்பதை என்னால் சிரிக்காமல் நினைக்க முடியவில்லை.

அதே கூடத்தில் அயல்நாட்டார் திறை கொண்டு வருகிறார்கள். நூபியர் கொண்டு வரும் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் ஒரு குரங்கு ஏறிக்கொண்டிருக்கிறது. சிரியர்களோடு ஒரு கரடியும் சிறு யானையும். கிரீட் தீவினர் உடுத்தியிருப்பதைக் கூர்ந்து பார்த்தால், முதலில் வரைந்த உடையை அழித்துப் புதிய பாணி ஆடையை மேலே தீட்டியிருப்பது தெரியும். ஓவியம் முடிந்த பிறகு தீவிலிருந்து வேறு உடுப்போடு தூதர்கள் வந்தார்கள் போலும்; இதை வைத்து அத்தீவின் ஆட்சி மாற்றத்தைக் கணிக்க முயன்றவர்களும் உண்டு.

நடையின் சுவரில் பட்டறைகள். தச்சர், தோல் தொழிலாளர், மணி துளைப்பவர், பெருஞ்சிலையைச் செதுக்குவோர் எனத் தொழிலுக்கு ஒரு வரிசை. உலோகம் உருக்குபவர்கள் துருத்திகளை மிதிக்கிறார்கள். ஒரு காலை ஊன்றும்போது மற்றத் துருத்தியைக் கயிற்றால் தூக்கிவிடுகிறார்கள். கர்னாக் அமுன் கோயிலின் கதவுகளை வார்ப்பதற்கான செம்பு, மன்னர் ஆசியப் போரில் கொள்ளையிட்டது என்று எழுதியிருக்கிறது. சற்றுத் தள்ளிச் செங்கல் அறுக்கிறார்கள்: குளத்தில் நீர் முகந்து, மண்ணைக் குழைத்து, அச்சில் இட்டு, காயவைத்து, காவடியில் சுமந்து. பக்கத்தில் கோலோடு மேற்பார்வையாளர். 19ஆம் நூற்றாண்டில் இவர்களை விவிலியத்தின் இஸ்ரவேலர் என்று கொண்டவர்கள் இருந்தார்கள். சுவரோ, கோயில் பணிக்குக் கொண்டுவரப்பட்ட போர்க் கைதிகள் என்று மட்டுமே சொல்கிறது. அமைச்சர் தம் மேற்பார்வைப் பெருமைக்காகத் தீட்டச் சொன்ன காட்சிகள் இவை. இன்று நாம் பார்ப்பது அவரையல்ல, துருத்தி மிதிப்பவனின் கால்களை.

அவரைப் பார்க்கவும் முடியாது. ரெக்மிரேயின் உருவம் பல இடங்களில் வேண்டுமென்றே சுரண்டி எடுக்கப்பட்டிருக்கிறது. விருந்துக் காட்சியில் முதுகைக் காட்டியபடி பானம் வார்க்கும் பணிப்பெண், எகிப்திய ஓவிய மரபை மீறி வரையப்பட்ட அந்த அழகி, சிதையாமல் நிற்கிறாள். புதிய மன்னரான இரண்டாம் அமென்ஹோதெப்பை வரவேற்கப் படகில் சென்ற காட்சியோடு அமைச்சரின் வரலாறு மங்கிவிடுகிறது. பதவி அந்தக் குடும்பத்தை விட்டுப் போனது. அடுத்து வந்தவர் அமெனெமோபெத். தீப்ஸ் (இன்றைய லக்சர்) நகரத் தலைவர் சென்னெஃபரின் நெருங்கிய உறவினர். நிலவறைக் கூரையில் திராட்சைக் கொடி படர்ந்த சென்னெஃபரின் கல்லறை இதே குன்றில்தான் இருக்கிறது.

அமெனெமோபெத்துக்கும் இக்குன்றில் ஒரு கல்லறை உண்டு, எண் 29. அதன் சுவரிலும் தலைமை அமைச்சரின் கடமைகளைச் சொல்லும் அதே ஆவணம் எழுதப்பட்டிருக்கிறது.